சோழவரம் ஓடுபாதையிலிருந்து நம் வீட்டுக் கணினி வரை



பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்து இணையத்தில் ஒரு சிமுலேட்டர் பந்தயத் தொடர் நடத்த, நம் குடியிருப்பு இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கூடத்தைக் கேட்டிருக்கிறார்கள். "வீடியோ கேமுக்கு எதற்குக் கூடம்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன், இந்த விளையாட்டின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அதில் நம் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓடுபாதையில் பிறந்த பந்தயம்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே விமான ஓடுபாதை போட்டிருந்தார்கள். போர் முடிந்த பிறகு அது சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. ஆண்டுதோறும் பந்தய நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று பார்த்தார்கள். நம் குடியிருப்பில் 60 வயதைக் கடந்தவர்களில் சிலருக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

அன்று வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வது எளிதல்ல. அதனால் வீட்டு வாசலில் நின்ற ஃபியட் 1100, அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற வண்டிகளே பந்தயக் கார்கள் ஆயின. ஹெரால்ட் சென்னைக்கு அருகிலேயே தயாரானது. இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்துதான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. நம்மவர்கள் எஞ்சினைக் கழற்றிக் கடைந்து, தேவையில்லாத எடையைக் குறைத்து ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவரதன் ஒரு படி மேலே போய், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களையே உருவாக்கினார்.

1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. நாம் சென்னைக்குப் போகும்போது ஸ்ரீபெரும்புதூரை அடுத்து வருகிறதே, அதே ஊர்தான். சுமார் 3.7 கி.மீ. நீளத் தடம். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010-ல் அதே போட்டியில் ஓட்டினார்.

அழகும் ஆபத்தும்

பழைய பந்தயக் கார்கள் பார்க்க அழகானவை. ஆனால் அவை வாங்கிய உயிர்கள் அதிகம். 1955-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் கார் பார்வையாளர் பகுதிக்குள் சிதறி 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று வென்றது ஜாகுவார் டி-டைப். அந்த விபத்துக்குப் பின் சுவிட்சர்லாந்து தன் நாட்டில் தடப் பந்தயத்தையே தடை செய்தது. உலக சாம்பியன் ஜிம் கிளார்க் 1968-ல் பந்தயத்தின்போதே இறந்தார். நமக்கு அருகிலும் துயரம் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயது பைக் பந்தயச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

இவை பாதுகாப்பு ஏற்பாடுகளுடன், தடத்தில் நடந்தவை. எந்த ஏற்பாடும் இல்லாமல் நம் நெடுஞ்சாலையில் இரவில் பைக்கை முறுக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

திரைக்குள் வந்த தடம்

1998-ல் பாபிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்களையும் தடங்களையும் அப்படியே கொண்டுவர முயன்ற விளையாட்டு அது. அந்தக் கார்களில் காற்றை அழுத்தி வண்டியைத் தரையோடு பிடிக்கும் இறக்கைகள் இல்லை. மின்னணு உதவி எதுவும் இல்லை. கொஞ்சம் அவசரப்பட்டால் கார் சுற்றிவிடும். பொறுமை இருந்தால்தான் ஒரு சுற்றையாவது முடிக்கலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமர் பிறகு 'ஐரேசிங்' தளத்தைத் தொடங்கினார். இத்தாலியின் 'அசெட்டோ கோர்சா' 2014-ல் முழுமையாக வெளிவந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் லெ மான் பந்தயமே ஜூன் மாதம் 24 மணி நேரமும் இணையத்தில் நடந்தது. 50 கார்கள், 200 ஓட்டுநர்கள்.

தொடர் எப்படி நடக்கும்?

எல்லோருக்கும் ஒரே வகைக் கார். முதலில் பயிற்சி, பிறகு தகுதிச் சுற்று, அதன் பின் அரை மணி நேரப் பந்தயம். இடத்துக்கேற்ற புள்ளிகள், கடைசிப் பந்தயம் முடிந்ததும் மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பெறுபவர் சாம்பியன். யாராவது இடித்துத் தள்ளினால், நடுவர்கள் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்து நேரத் தண்டனை கொடுப்பார்கள். இணையம் வைஃபையாக இல்லாமல் கேபிளாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எதிராளியின் கார் திரையில் தாவித் தாவி ஓடும். நடுப் பந்தயத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்ற விதியையும் நம் ஊரில் முன்கூட்டியே எழுதி வைத்தாக வேண்டும்! கூடம் கேட்பதற்கும் இதுதான் காரணம்: அங்கே ஜெனரேட்டர் இணைப்பு உண்டு, நடுவர்கள் ஒன்றாக உட்காரலாம், பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

உங்கள் கவலைகளும் சரியானவைதான். ஹெட்ஃபோன் கட்டாயம், இரவு ஒன்பதுக்குள் முடிவு, தேர்வு மாதங்களில் பந்தயம் கிடையாது, பணப் பந்தயம் கூடவே கூடாது. இந்த நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு தொடருக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்பது என் கருத்து. நடப்பதைப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்வோம்.

இன்னொன்று. நம் மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்கான ஆலை அது. 1955-ல் லெ மானில் வென்ற அதே ஜாகுவாரின் பெயர் இன்று தோல் தொழிலுக்குப் பேர்போன நம் பக்கம் வந்திருக்கிறது. கார் எப்படித் திரும்புகிறது, எடை எப்படி மாறுகிறது, டயர் எப்போது பிடியை விடுகிறது என்று விளையாட்டாகவே கற்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை அங்கே பொறியாளராகப் போகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அசெட்டோ கோர்சாவில் விளையாடுவோரே புதிய தடங்களை உருவாக்கிச் சேர்க்க முடியும். சோழவரத்தில் நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ எடுத்த படம், பழைய நுழைவுச்சீட்டு, நிகழ்ச்சி நிரல் எது இருந்தாலும் சங்க அலுவலகத்தில் காட்டுங்கள். ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம். எந்த வளைவு எங்கே இருந்தது என்று வாயால் சொன்னாலும் போதும், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நேரில் பார்த்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது.