ஓட்டு இருந்தது, உறுப்பினர் இல்லை: தண்டையார்பேட்டையும் மாநிலத்தின் தேர்தல் நாள்காட்டியும்

2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தபோது, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகள் அடங்கிய ஆர்.கே. நகர் தொகுதி தன் சட்டமன்ற உறுப்பினரை இழந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் சென்னை மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலமும் முடிந்திருந்தது. அந்த அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததால், மாநகராட்சி தனி அலுவலரின் கைக்குப் போனது. காலியான சட்டமன்ற இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பொது விதி. 2017 ஏப்ரல் 12க்குக் குறித்த இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. வாக்குப்பதிவு டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஓராண்டில், நாடே உற்றுப் பார்த்த இந்தத் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை, வார்டு கவுன்சிலரும் இல்லை. தேர்தல் பரபரப்பு வேறு, பிரதிநிதித்துவம் வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. பிரதிநிதித்துவத்தை வளர்ப்பது இடையறாத தேர்தல் காலமுறையும், தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் இருக்கும் அதிகாரமும்தான். உள்ளாட்சியைப் பொறுத்தவரை இவ்விரண்டும் பெரும்பாலும் மாநிலத்தின் பிடியில் இருக்கின்றன. மாநிலம் தன் பிடியைத் தானே தளர்த்திக்கொள்ளும் அளவுக்கே அங்கே பிரதிநிதித்துவம் வளரும் என்பது என் வாதம்.

சட்டமன்ற இடைவெளி ஓராண்டோடு முடிந்தது. மாமன்ற இடைவெளி 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தல் வரை நீண்டது. சென்னைக்கு இது புதிதல்ல. போலி மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) ஊழலையொட்டி 1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996இல்தான் திரும்பியது. கவுன்சிலர்கள்மேல் எழுந்த புகாருக்கு வாக்காளர்கள் 23 ஆண்டு தண்டனை அனுபவித்தார்கள். 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதைத் தடுக்கவே வந்தது: காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது 243-யு பிரிவு. வார்டு மறுவரையறை போன்ற பணிகளைக் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் வரையறை, இடஒதுக்கீடு, மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விதிகளை எழுதுவது மாநிலமே. மேயர் தேர்தல் 1996இல் நேரடி, 2006இல் மறைமுகம், 2011இல் நேரடி, 2019 அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகம். ஆட்டம் தொடங்கும்முன் கோட்டை மாற்றிப் போடும் வசதி ஆளுங்கட்சிக்கு, அது எந்தக் கட்சியானாலும், இருக்கிறது. அதே அரசியலமைப்பின்கீழ் கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் உள்ளாட்சித் தேர்தலை நடத்திவருகிறது. ஆகவே குறை அரசியலமைப்பில் இல்லை.

தனி அலுவலர் காலத்திலும் குப்பை அள்ளப்பட்டது, சாலை போடப்பட்டது, என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. சேவை தொடர்ந்தது உண்மைதான். ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில், எதை விட்டுவிட்டு எதை என்ற முடிவுக்கு மன்றத்தில் பதில் சொல்ல ஆளில்லை. தனி அலுவலராக இருந்த ஆணையர் பதில் சொன்னது தன்னை நியமித்த அரசுக்கு. கட்சியின் வட்டச் செயலாளரும் பகுதிச் செயலாளரும் மக்கள் குறையை மேலே கொண்டுபோகிறார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. தமிழகத்தின் கட்சி அமைப்பு தெருவரை வேரோடியது என்பதை மறுக்க முடியாது. இருந்தும் அங்கே கிடைப்பது பரிந்துரைதான். கேட்டது கிடைக்காவிட்டால் வட்டச் செயலாளரை வாக்காளர் மாற்ற முடியாது.

மிகக் கூர்மையான மறுப்பு எண்களில் இருக்கிறது. 2017 இடைத்தேர்தலில் ஆர்.கே. நகரில் 77 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னை முழுவதிலும் சுமார் 43 விழுக்காடுதான். மக்களுக்கே கவுன்சிலர் வேண்டாமோ? இடைத்தேர்தலின் கூட்டத்தில் பணத்துக்கும் பங்குண்டு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அது பாதி விடைதான். கவுன்சிலரால் என்ன முடியும் என்பதை வடசென்னை வாக்காளர் சரியாகவே எடைபோட்டிருக்கிறார். குடிநீரும் சாக்கடையும் 1978 சட்டத்தால் அமைந்த குடிநீர் வாரியத்திடம். நிலப் பயன்பாட்டுத் திட்டம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.), குடிசைப்பகுதி வீடுகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம், துறைமுகம் ஒன்றிய அரசிடம். கொடுங்கையூர் குப்பை மேடு மட்டும் மாநகராட்சியுடையது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு பெரும்பாலும் குடியிருப்போர் சங்கங்கள் வழியாகவே வந்தது. குறைந்த வாக்குப்பதிவை அக்கறையின்மை என்று படிப்பதைவிட, வெறும் பதவிக்கு மக்கள் போட்ட மதிப்பெண் என்று படிப்பதே பொருந்தும்.

2022இல் விதிகள் வகுக்கப்பட்ட வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியவை. ஆனால் பகுதி சபைகளின் பிரதிநிதிகள் நியமிக்கப்படுகிறார்கள், தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மாமன்றத்தை மாநிலம் நடத்திய விதத்திலேயே பகுதி சபையை மாமன்றம் நடத்துகிறது. பகுதி சபைப் பிரதிநிதிகளை அந்தப் பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வைப்பதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. மாநிலம் தன் சட்டத்தையோ விதியையோ திருத்தினால் போதும். இன்றைய மாமன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டு எல்லை, இடஒதுக்கீட்டுப் பட்டியல், மேயர் தேர்தல் முறை ஆகிய மூன்றும் அதற்கு வெகுமுன்பே முடிவாகி, மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கைக்குப் போயிருக்க வேண்டும்.