கைதட்டின கைதானே கல்லும் எறிந்தது!

(தலைப்பு: ‘மறைந்த கலைஞர்களுக்கு நாம் செய்யும் மரியாதை நிறைகளை மட்டும் சொல்வதா? நிறை, குறை இரண்டையும் சொல்வதா?’ இரண்டையும் சொல்வதே என்ற அணியில் நிகழ்த்திய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! பூமாலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னாலே பேசின எதிரணி அம்மா ரொம்ப உருக்கமாப் பேசினாங்க. “செத்தவங்களைப் பத்திக் குறை பேசலாமா? அவங்க எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?”ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சங்கதி.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் இருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு மேலே மோட்டார் போட மாட்டார். ஒரு குடம் தண்ணி கூடுதலாப் பிடிச்சா, மறுமாசம் வாடகை ஏறிடும். ஒருநாள் அவர் காலமானார். மறுநாள் பார்த்தா சுவரெல்லாம் போஸ்டர். ‘கொடை வள்ளலே! கற்பகத் தருவே!’ அவர் வீட்டிலே குடியிருந்த பாட்டி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தாங்க. “தம்பி, படம் மட்டும் நம்ம வீட்டுக்காரர் மாதிரி இருக்கு. ஆள் யாருப்பா?”ன்னு கேட்டாங்க. (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் போஸ்டரிலே காணாமப் போனது வீட்டுக்காரரோட குறை மட்டுமா? தண்ணி இல்லாமத் தவிச்ச பாட்டியும் சேர்ந்தே காணாமப் போயிட்டாங்க. அதுதான் நடுவர் அவர்களே, என் வாதம். ஒருத்தரைப் பற்றிப் பாதியை மறைச்சா, அவரோடு வாழ்ந்தவங்களோட கதையும் மறைஞ்சு போகுது. கலைஞன் விஷயத்திலே அவனோடு வாழ்ந்தவங்க யாரு? சாட்சாத் நாமதான்!

வரலாற்றைப் பார்ப்போம். 1944 தீபாவளி. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் வெளியாகிறது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்ட படம் அது. அதே 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். ‘இந்துநேசன்’ என்ற பத்திரிகையில் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைப்பு நடத்தியவர். அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

சட்டம் விட்டுருச்சு. ஜனங்க? கலைவாணரை மறுபடியும் ஏத்துக்கிட்டாங்க. ஆனா பாகவதருக்கு அந்தப் பழைய கூட்டம் திரும்பவே இல்லை. ‘ராஜமுக்தி’ வந்தது, ‘அமரகவி’ வந்தது. எதுவும் ‘ஹரிதாஸ்’ ஆகவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயது நிறைவதற்குள் கண்ணை மூடினார். அதுக்கப்புறம் நமக்கு அவர் ‘ஏழிசை மன்னர்’! பட்டத்தைச் சொல்றோம், பாட்டைச் சொல்றோம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தை மட்டும் வேகமாத் தாண்டிப் போயிடறோம். ஏன்? அதுக்குள்ளே போனா, அவரைக் கைவிட்ட கூட்டத்திலே நம்ம தாத்தா நிப்பார்!

இன்னொருத்தர், சில்க் ஸ்மிதா. ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பேர் சிலுக்கு. அது 1980. அந்தப் பேரே அவருக்கு ஒட்டிக்கிட்டது. அடுத்த வருஷமே ‘அலைகள் ஓய்வதில்லை’யில் குடும்பப் பெண்ணாக நடித்து, தனக்கு நடிக்கவும் தெரியும்னு காட்டினார். நாம பார்த்தோமா? ஒரு ஆட்டம் இருந்தால்தான் படம் விற்கும்னு விநியோகஸ்தர் கேட்டார். ஏன் கேட்டார்? நாம டிக்கெட் வாங்கினோம். தியேட்டர்ல விசில் அடிச்சுட்டு, வீட்டுக்கு வந்து, “சே, அவ பேரை இந்த வீட்டிலே எடுக்காதே”ன்னோம். (கைதட்டல்) 1996 செப்டம்பர் 23-ஆம் தேதி சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. பதினைந்து வருஷம் கழிச்சு, 2011-ல், அவர் வாழ்க்கையைத் தழுவியதாகப் பேசப்பட்ட இந்திப் படம் வந்தது. அதில் நடித்த நடிகைக்குத் தேசிய விருது கிடைத்தது. வாழ்ந்தவருக்கு வசவு, வாழ்ந்து காட்டியது போல நடித்தவருக்கு விருது!

இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். நம்ம கண்ணு முன்னாலே நடந்ததுக்கு வர்றேன். 2023 டிசம்பர் 28. விஜயகாந்த் மறைந்த நாள்.

மதுரையில் அரிசி ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. 1979-ல் ‘இனிக்கும் இளமை’யில் அறிமுகம். 1981-ல் ‘சட்டம் ஒரு இருட்டறை’ அவரைத் தூக்கி நிறுத்தியது. கறுப்பு நிறம்னு ஒதுக்கின சினிமாவிலே கறுப்பாகவே நின்று ஜெயித்தார். திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன்களை நம்பி, 1986-ல் ‘ஊமை விழிகள்’ நடித்தார். 1991-ல் நூறாவது படம் ‘கேப்டன் பிரபாகரன்’. அன்னையிலிருந்து அவர் கேப்டன்! படப்பிடிப்பில் நாயகனுக்கு என்ன சாப்பாடோ, லைட் தூக்கற தொழிலாளிக்கும் அதே சாப்பாடுதான்னு இலை போட்டவர். நடிகர் சங்கம் கடனில் மூழ்கிக் கிடந்தபோது, தலைவராக இருந்து, 2002-ல் நட்சத்திரங்களை மலேசியா, சிங்கப்பூர் என்று கூட்டிப்போய் நிகழ்ச்சி நடத்திக் கடனை அடைத்தவர். இது நிறை. எதிரணி இதோட நிறுத்திக்கும்.

நான் நிறுத்தலை. 2005 செப்டம்பரில் மதுரையில் கட்சி தொடங்கினார். 2006-ல் ஏறத்தாழ எல்லாத் தொகுதியிலும் ஆளை நிறுத்தி, விருத்தாசலத்தில் அவர் ஒருத்தர் மட்டும் ஜெயித்தார். ஆனாலும் மாநிலம் முழுக்க நூற்றுக்கு எட்டு ஓட்டுக்கு மேல். தனியாகவே நிற்பேன் என்று சொன்னவர், 2011-ல் கூட்டணி வைத்து 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார். சில மாதத்தில் கூட்டணி முறிந்தது. கோபம் அவருக்குப் பெரிய எதிரி. 2015 டிசம்பரில், கேள்வி கேட்ட பத்திரிகையாளர்களைப் பார்த்து ‘தூ’ என்று துப்பினார். அது தப்புதான். நல்லவர் செஞ்சாலும் தப்பு தப்புதான். 2016 தேர்தலில் ஒரு இடம் கூட இல்லை. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போச்சு.

இது அவர் கணக்கு. இப்போ நம்ம கணக்கு. அவர் மேடையில் பேச்சுத் தடுமாறினார். நாம என்ன செஞ்சோம்? ‘போதை’ன்னு ஒரே வார்த்தையிலே தீர்ப்பெழுதினோம். அந்தத் தடுமாற்றத்தை வெட்டி ஒட்டி, செல்போனிலே ஊர் ஊரா அனுப்பினோம். சோறு பொங்கும்போது பார்த்தோம், பஸ்ஸிலே பார்த்தோம், குடும்பத்தோட உட்கார்ந்து சிரிச்சோம். அப்புறம் அந்த உடம்பு நம்ம கண்ணெதிரே தேய்ந்தது. 2022-ல் சர்க்கரை நோயால் கால் விரல்களை எடுத்தார்கள். 2023 டிசம்பர் 14-ஆம் தேதி கட்சிப் பொதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். சரியாக இரண்டே வாரம்.

நடுவர் அவர்களே, இந்த இடத்திலே நான் ஊரைக் குத்தம் சொல்லித் தப்பிக்க முடியாது. நான் பள்ளிக்கூட வாத்தியார். 2016-ல் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில், பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் விஜயகாந்த் மாதிரி நாக்குக் குழறிப் பேசிக் காட்டினான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நடுவராக இருந்து அவனுக்கு முதல் பரிசு கொடுத்தது நான்தான்.

2023 டிசம்பர் 29 ராத்திரி. தீவுத்திடலில் இருந்து கோயம்பேடு வரை சனக்கடல். அரசு மரியாதையோடு அடக்கம் முடிந்தது. டி.வி.யிலே பார்த்துக்கிட்டிருக்கேன், போன் வருது. அந்தப் பையன்தான். இப்போ கோயம்புத்தூரில் வேலையில் இருக்கான். “சார், ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? இன்னைக்கு எங்க அப்பா அழுதுக்கிட்டிருக்காரு சார். நான் அன்னைக்குச் செஞ்சது தப்பு இல்லையா சார்?”ன்னான். நான் என்ன சொல்ல? “நீ சின்னப் பையன்டா. பரிசு கொடுத்தவனுக்கு வயசு நாற்பத்தஞ்சு”ன்னேன். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை. அன்னைக்கு என் நாக்குத்தான் குழறுச்சு.

‘ரமணா’ படத்திலே, மன்னிப்புங்கற வார்த்தையே எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லுவார். அந்த மனுஷன்கிட்டே அன்னைக்கு ஊரே மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நின்னுச்சு! (நீண்ட கைதட்டல்) ஒரு மாதம் முடிவதற்குள் பத்மபூஷண் அறிவிப்பும் வந்தது. எல்லாம் வந்தது. அவர்தான் இல்லை.

இப்போ எதிரணி அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது, உண்மைதான். அதனாலே வம்பு பேசக்கூடாது. லட்சுமிகாந்தன் எழுதினது வம்பு. படுக்கை அறையை எட்டிப் பார்ப்பது வம்பு. அதை நாங்கள் கேட்கவில்லை. ஊரறிய நடந்ததை, தேதியோடு, கோபம் இல்லாமல் சொல்லுங்கள் என்கிறோம். குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதை வைத்து முடிவு செய் என்றுதானே வள்ளுவர் வழி காட்டினார்? குற்றத்தைப் பார்க்காமலே குணம்தான் மிகுதின்னு சொன்னா, அது தராசா? ஒரு தட்டு மட்டும் இருக்கிற தராசிலே கடலைகூட வாங்க மாட்டீங்களே அம்மா! (சிரிப்பு)

அதோட இன்னொன்று. முழுசாச் சொன்னா மனுஷன் சிறுத்துப் போறானா? இல்லை. பத்திரிகையாளர் மேலே துப்பின அதே மனிதர்தான், பசியோடு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பாதவர். ரெண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான், அவர் சாமியும் இல்லை, கோமாளியும் இல்லை, நம்மைப் போல ரத்தமும் கோபமும் உள்ள மனுஷன்னு தெரியுது. அப்பத்தான் இன்னைக்கு உயிரோடு இருக்கிற கலைஞனைப் பார்த்துக் கல்லெடுக்கும்போது, நம்ம கை ஒரு நிமிஷம் நிக்கும்.

கைதட்டின கைதான் கல்லும் எறிந்தது. கல்லெறிந்த கைதான் மாலையும் போட்டது. வெறும் மாலையை மட்டும் காட்டினால், அந்தக் கை என்றைக்கும் திருந்தாது. ஆகவே, மறைந்த கலைஞருக்கு உண்மையான மரியாதை நிறை, குறை இரண்டையும் சொல்வதே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன்.