இரு பட்டியல்களிலும் இல்லாதவர்

நோயைத் தீர்ப்பது வைத்தியரின் கலை. ஓர் ஊரில் எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்று அறிவது வேறொரு கலை. பொதுச் சுகாதாரத்திற்குத் தலைமை ஏற்போர் இந்த இரண்டாவது கலையையும் கற்றாக வேண்டும். அதைக் கற்பிக்கும் கலாசாலை ஒன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில், கோவண்டி நிலையச் சாலையில் இருக்கிறது. நம்மவரில் பலர் அதன் வாயிலைக் கடந்து சென்றிருப்பர்.

1956-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் ஐக்கிய நாடுகள் சபையும் ஸர் தொராப்ஜி டாடா அறக்கட்டளையும் கூடி நிறுவியது அது. மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் என்பது அன்றைய பெயர். 1985-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, டாக்டர் பட்டம் வழங்கும் உரிமையையும் அடைந்தது. இன்று அதனைச் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் என்கிறோம்.

அதன் ஆரம்ப கால இயக்குநர்களுள் ஒருவர் டாக்டர் சி. சந்திரசேகரன். லண்டனில் புள்ளியியல் ஆராய்ச்சி செய்தவர், 1936-இல் ஈ. எஸ். பியர்சன் என்ற பேரறிஞருடன் சேர்ந்து கட்டுரை வெளியிட்டவர். டாக்டர் பட்டம் என்றவுடன் மாடியறையும் தூசி படிந்த நூலும் நினைவுக்கு வருவதுண்டு. இவரோ, கல்கத்தாவிலுள்ள அகில இந்திய சுகாதார நிலையத்தின் ஆசிரியராகி, தம் கணிதத்தை வங்காளத்துச் சிங்கூர் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றார்.

அங்கே பிறப்பு இறப்புப் பதிவேடு இருந்தது. ஆனால் பலர் அதில் விடுபட்டிருந்தனர். 1947-இல் வீடு வீடாக விசாரித்து மற்றொரு பட்டியல் எடுக்கப்பட்டது. அதிலும் சிலர் விடுபடவே செய்வர். அப்படியாயின், இரண்டிலும் விடுபட்டோரை எண்ணுவது எங்ஙனம்? எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்க அறிஞருடன் அவர் 1949-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை கூறிற்று.

ஓர் உதாரணம் கொள்வோம். பதிவேட்டில் 60 இறப்புகள். வீட்டு விசாரணையில் 70. இரண்டிலும் காணப்படுபவை 42. விசாரணை கண்டறிந்த எழுபதில் பதிவேடு பிடித்தது நாற்பத்திரண்டே, அதாவது நூற்றுக்கு அறுபது. எனவே பதிவேட்டின் அறுபதும் உண்மைத் தொகையில் நூற்றுக்கு அறுபதே என்று கொண்டால், மொத்தம் 100. இரு பட்டியல்களிலும் சேர்ந்து தென்படுபவை 88. ஆகவே எவர் கண்ணிலும் படாதவை 12.

கணக்கு எளிது, அதன் நிபந்தனையே கடினம். ஒரு பட்டியலில் விடுபடுவதற்கும் மற்றதில் விடுபடுவதற்கும் தொடர்பு இருக்கலாகாது. வாழ்க்கையிலோ, பதிவேட்டில் இடம்பெறாத ஏழையின் கதவையே விசாரிப்போரும் தவறவிடுவதுண்டு. அப்போது கணக்கு குறைத்தே காட்டும். ஆகையால் ஊர், வயது, ஆண், பெண் என ஒத்த பிரிவுகளாகப் பகுத்துத் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றனர் ஆசிரியர் இருவரும். கட்டுரையின் உயிர்நிலை இதுவே என்பது என் எண்ணம். எந்தப் பிரிவினர் மறைகின்றனர் என்று அறிய, அம்மக்களின் வாழ்வை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொழிலில் அமர்ந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் உள்ளனர். தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறந்த இடத்திலேதான் பிறப்பு பதிவாகும். குழந்தை பிறந்தது அங்கே, வளர்வது இங்கே. வாடகைக்கு இருப்போர் அடிக்கடி இடம் மாறுவர். சிலர் நோயுற்றபின் ஊருக்குச் சென்று கண் மூடுவர். இறந்தோர் கணக்கில் வராவிடின், அந்தப் பேட்டை நலமாயிருப்பதாகவே நகராட்சியின் ஏடு சொல்லும். மருந்தகமும் குடிநீர்க் குழாயும் வேறு பேட்டைக்குப் போகும்.

இரட்டைப் பட்டியல் முறை சிங்கூரோடு நின்றுவிடவில்லை. 1964-65-இல் சோதனையாகத் தொடங்கி, 1969-70-இல் நாடெங்கும் பரவிய மாதிரிப் பதிவுத் திட்டம் அதே கருத்தைத் தழுவியது. தேர்ந்தெடுத்த பகுதிகளில் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்புகளை அவ்வப்போது குறித்து வருவார். ஆறு மாதத்திற்கொருமுறை வேறொருவர் தனியே விசாரிப்பார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத பெயர் தென்பட்டால், மீண்டும் அந்த வீட்டிற்கே சென்று கேட்பது வழக்கமாயிற்று.