எள்: குறைந்த நீரில் விளையும் மேட்டுக்காணிப் பயிர்

போர் முடிந்து காணிகளுக்குத் திரும்பிய பலருக்குக் குளத்து நீரோ தூர்வாரிய கிணறோ உடனே கிடைக்கவில்லை. அத்தகைய மேட்டுக்காணிகளுக்கு ஏற்ற பயிர்களில் ஒன்று எள்.

எள் ஓராண்டுத் தாவரம். விதைத்து 80 முதல் 120 நாட்களுக்குள் வாழ்வை முடித்துக்கொள்ளும். 35 முதல் 45 நாட்களில் இலைக்கக்கங்களில் வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறத்தில் மணி வடிவப் பூக்கள் மலரும். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நடந்தாலும், தேனீக்களும் இப்பூக்களை நாடிவரும்.

இதற்கு 25 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமும் நல்ல வெயிலும் வேண்டும். நீர் வடிந்தோடும் செம்மண், மணல் கலந்த மண் என்பன உகந்தவை. உவர்நிலம் ஆகாது. வேரூன்றிய பின் வரட்சியைத் தாங்கும். ஆனால் ஓரிரு நாள் வெள்ளம் தேங்கினாலே வேர் அழுகிவிடும். எனவே வடிகால் வெட்டிய பின்பே விதைக்க வேண்டும்.

வன்னியில் பங்குனி, சித்திரை மாத மழை ஈரத்தில் சிறுபோகப் பயிராக விதைப்பர். ஆயிரம் விதைகளின் நிறை ஏறத்தாழ 3 கிராம் மட்டுமே. ஆகவே விதையை உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, மேலாக மண்ணால் மூடுவர். நெருக்கமாக முளைத்த கன்றுகளைக் களைந்துவிட வேண்டும். முதல் மாதம் களையெடுப்பது மிக அவசியம்.

பூக்கள் இலைபோல் பச்சையாக மாறினால் அது தத்திப்பூச்சிகள் பரப்பும் நோய். அச்செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும். ஒரே நிலத்தில் தொடர்ந்து எள் விதைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காய்கள் அடியிலிருந்து மேல்நோக்கி முற்றும். முழுவதும் காயும்வரை காத்திருந்தால் அடிக்காய்கள் வெடித்து விதை மண்ணில் கொட்டிவிடும். இலைகள் உதிர்ந்து, அடிக்காய்கள் மஞ்சளானதும் வெட்டிக் கட்டுகளாக நிமிர்த்தி வைப்பர். சோளகக் காற்றில் காய்ந்தபின் படங்கு விரித்துத் தட்டி எடுக்கலாம்.

விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். செக்கில் ஆட்டினால் நல்லெண்ணெய். மிஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்கு. எள்ளுப்பாகுக்கும் சனிக்கிழமை விளக்குக்கும் இதுவே. ஆடி அமாவாசையில் இறந்தோருக்கு இறைப்பதும் எள்ளும் தண்ணீரும்தான். உறவு எங்கே என்று இன்னும் பதில் கிடைக்காத வீடுகள் பலவற்றில், அந்த எள்ளைக் கையில் எடுக்க மனம் ஒப்புவதில்லை.