பெட்டிக்கு நிரல் ஏற்றிய காலம்

பூமியோடு ஒத்துச் சுழல்வதால் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அசையாது நிற்பதாகத் தோன்றும் துணைக்கோளிலிருந்து ஒளிபரப்பைப் பெறும் வித்தை, 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளின் உதவியால் ஆறு ராஜ்யங்களின் சுமார் 2,400 கிராமங்களில் நடைபெற்ற பரீட்சையின் மூலமாகவே நம் தேசத்துக்கு வந்துவிட்டது என்றாலும், அக்காலத்து ரிசீவர் கெட்டால் பழுதுபார்க்கப்பட்டு, கெடாத வரையில் செய்தபடியே இருந்த ஒரு சாதனம்.

எண்முறை ஒளிபரப்பு வந்த பிறகுதான் இந்நிலை மாறிற்று. 1990-களின் நடுவில் ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட டி.வி.பி. நியமத்தை அனுசரித்துச் செய்யப்பட்ட ரிசீவர், பெயரளவில் தொலைக்காட்சியின் துணைக்கருவியாயினும், உண்மையில் ஒரு சிறு கம்ப்யூட்டரே. அதன் காரியங்களையெல்லாம் உள்ளிருந்த சில்லில் எழுதிய நிரல் நிர்ணயித்தது. 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உண்டாக்கிய ஈப்ராம் சில்லாயிருந்தால், அதைக் கழற்றி, அதன் முதுகிலுள்ள கண்ணாடி ஜன்னலின் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பழையதை அழித்த பின்னரே புதியதை எழுத முடியும். அது பணிமனைக்கே உரிய காரியம். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்ட ஃபிளாஷ் நினைவகமோ, சில்லை இருந்த இடத்திலேயே மின்சாரத்தால் அழித்தெழுத இடங்கொடுத்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தச் சௌகரியமே மூலகாரணம்.

ஆனால் நிரலை ரிசீவர்ப் பெட்டிக்குள் கொண்டு சேர்க்க வழி வேண்டுமே! முதலில் அது ஒன்பது முனைகள் கொண்ட சீரியல் கேபிளாயிருந்தது. கம்ப்யூட்டரோடு பெட்டியைப் பிணைத்து, விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் அனுப்புவார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகவேண்டியதுதான். 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதச் சந்தாவில்லாத டி.டி. டைரக்ட் பிளஸ் சேவையைத் தொடங்கியபோது, பற்பல பெயர்களில் மலிவான பெட்டிகள் கடைவீதிக்கு வந்தன. விற்றவர் விற்றதோடு சரி, அவற்றின் நிரலைப் பின்னாளில் பரிபாலிப்பார் எவருமில்லை.

1996-இல் யு.எஸ்.பி. நியமம் வெளியாகி, 2000-ஆம் ஆண்டளவில் பென் டிரைவ் விற்பனைக்கு வந்து, பிறகு ரிசீவர்களிலும் அந்தத் துவாரம் இடம்பெற்றபோது, கடைக்காரரின் வித்தை வீட்டுக் கூடத்துக்கே குடிவந்தது. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, தம் பெட்டியின் மாடலுக்குப் பொருந்திய கோப்பை அதில் இட்டுச் செருகி, ரிமோட்டால் மெனுவுக்குள் சென்று 'அப்கிரேட்' என்பதை அழுத்தினால், பெட்டி கோப்பைச் சோதித்து, பழைய நிரலை அழித்து, புதியதைப் பகுதி பகுதியாக எழுதிக்கொள்ளும். மற்றொரு மாடலின் கோப்பாயிருந்தாலோ, எழுதும் நடுவில் மின்சாரம் நின்றாலோ, பெட்டி பெரும்பாலும் எழுந்திராது. நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய 2012-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் இது அற்பமான அபாயமன்று. 'பாக்ஸ் செத்துப்போச்சு' என்ற வழக்கிலுள்ள துக்கம் மெய்யானதே.

நிரலால் ஆகாதவையும் உண்டு. எம்பெக்-2 என்னும் படச்சுருக்க முறையை மட்டும் அறிந்த சில்லுக்கு எந்தக் கோப்பும் எம்பெக்-4 ஒளிபரப்பைக் கற்பிக்க இயலாது. ஆயினும் அந்த நம்பிக்கையோடு கடையேறியவர் பலர். கட்டணச் சேவைகளின் பெட்டிகளிலோ ஒளிபரப்போடு ஒளிபரப்பாகவே புதிய நிரல் வானத்திலிருந்து வந்திறங்கும். உரியவரை யாரும் கேட்பதில்லை. அவற்றில் பலவற்றின் பின்புறத்திலும் யு.எஸ்.பி. துவாரம் உண்டு, அது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது.