குடவோலையும் மெர்ஜ் கான்ஃப்ளிக்டும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம், சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு பல்லவர் குடைவரை இருக்கிறது. ஒரே சமஸ்கிருதக் கல்வெட்டை ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும் இன்னொரு சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். பிரதி எடுப்பதில் தகராறு வராது. ஒரே வரியை இரண்டு பேர் திருத்தும்போதுதான் வரும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. ஒரே வரியை இரண்டு பேர் தனித்தனிக் கிளைகளில் மாற்றிவிட்டால், சேர்க்கும்போது கிட் நின்றுவிடும். இதுதான் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். மனுஷன்தான் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். கொடுமை என்னவென்றால், நீண்ட நாள் ஓடும் கிளையில் நேற்று தீர்த்த அதே மோதல் இன்றும் முளைக்கும். இதற்காகவே 2006-ல் கிட்டில் 'ரீரீரீ' வந்தது. பதிவான தீர்வை மறுபடி பயன்படுத்து என்பதன் சுருக்கம் அது. அதே மோதல் திரும்பி வந்தால், நீங்கள் முன்பு தீர்த்த விதத்தைத் தானே போட்டுவிடும்.

தீர்ப்பை ஒருமுறை எழுதி வை, வருஷா வருஷம் சண்டை போடாதே. இதே யோசனையைக் கல்லில் செய்தவர்கள் உத்திரமேரூர்க்காரர்கள். (1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரியும்வரை செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான் இது.) முதலாம் பராந்தக சோழனின் 12-ம் ஆட்சியாண்டில், அதாவது 919-ல், ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியைச் சபை எழுதி வைத்தது. வயது 30 முதல் 60 வரை. குடவோலை இடும் முறையைச் சுருக்கமாகத்தான் சொன்னார்கள்.

அது போதவில்லை போலிருக்கிறது. இரண்டே வருஷத்தில், 921-ல், விரிவான இன்னொரு கல்வெட்டு. வயது 35 முதல் 70 ஆனது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவுகளின் பட்டியலே போட்டு எல்லோருக்கும் தடை. எந்தச் சந்தில் புகுந்து வந்தார்கள் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தாலே ஊகிக்கலாம்!

ஓலை எடுப்பதிலும் அதே எச்சரிக்கை. 30 குடும்புக்கும் தனித்தனி ஓலைக்கட்டு. முதிய நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை. மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைக்க வழியே இல்லை. இப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். நிலமில்லாதவருக்கும் வேதம் படிக்காதவருக்கும் குடத்தில் ஓலை கிடையாது.

ரீரீரீயில் தப்பான தீர்வு பதிவாகிவிட்டால் அந்தத் தப்பே திரும்பத் திரும்ப வரும். அதை மறக்கடிக்கத் தனிக் கட்டளை உண்டு. உத்திரமேரூரில் 919-ஐ யாரும் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டு கல்வெட்டும் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கின்றன. போனால் படித்துப் பார்க்கலாம்.