மேலிருந்து இறங்கிய உளி

சவூதி அரேபியாவில் அல்உலாவுக்கு வடக்கே, மணற்கல் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ஹெக்ரா. நபி சாலிஹ் (அலை) அவர்களின் பெயரால் ‘மதாயின் சாலிஹ்’ என்று முஸ்லிம்கள் அறிந்த இடம் இதுதான். பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட நபாத்தியர்கள், தென் அரேபியச் சாம்பிராணியை ஒட்டகங்களில் வடக்கே கொண்டுபோய் விற்றுச் செழித்தவர்கள். அவர்களுடைய தெற்குப் பெருநகரம் இது. இங்குள்ள 111 குடைவரைக் கல்லறைகளில் 94-க்கு முகப்பு அலங்காரம் உண்டு.

முகப்புகளின் உச்சியில் இரண்டு பக்கமும் படிக்கட்டு ஏறுகிறது. மெக்சிகோவின் பலென்கேயில், 683-ல் இறந்த மாயா மன்னர் பக்கலுக்கும் படிப்படியாக உயரும் பிரமிடுதான் கல்லறை. ஆனால் மாயர்கள் கல்லின்மேல் கல் அடுக்கினார்கள். நபாத்தியர்களோ மலையிலிருந்து வேண்டாததை வெட்டிக் கழித்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதை கஸ்ர் அல்ஃபரீத் என்ற கல்லறை காட்டுகிறது. தனித்து நிற்கும் ஒற்றைப் பாறை. முகப்பில் நான்கு அரைத்தூண்கள். மேலே வழவழவென்று இழைத்த கல், கீழே வர வரச் சொரசொரப்பாகி, அடியில் உளித்தழும்பாகவே நின்றுவிடுகிறது. உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியவர்கள் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் பாண்டியர் காலச் சிற்பிகள் விட்டுப்போனதும் இப்படித்தான். முடிந்த கல்லறைகளைவிட இந்த முடியாத கல்லறையே அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

முப்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் நபாத்திய எழுத்தில் உரிமைச் சாசனம் உண்டு. கம்கம் என்ற பெண்ணும் அவள் மகளும் தங்களுக்கென வெட்டுவித்த கல்லறை ஒன்று. அதை விற்பவரையும் அடகு வைப்பவரையும் துஷாரா, மனாத் முதலிய தெய்வங்கள் சபிக்கட்டும் என்கிறது சாசனம், அபராதமும் விதிக்கிறது. ஒரு பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்ததற்கு 2,000 ஆண்டு பழைய கல்லே சாட்சி.

ஹெக்ரா மக்களின் வழிபாட்டிடம் ஜபல் இத்லிப் குன்று. அங்கே குறுகலான பாறைப் பிளவின் சுவரில் சின்ன மாடங்கள். உள்ளே கை, கால் எதுவுமில்லாத செவ்வகக் கல். அதுவே தெய்வம். ஊர் எல்லையில் நட்ட கல்லைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

106-ல் ரோமப் பேரரசு நபாத்திய நாட்டைச் சேர்த்துக்கொண்டது. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற முதல் சவூதிச் சின்னம் ஹெக்ரா. ஜெத்தா ஷரஃபியாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் மதீனாவையும் தாண்டி வடக்கே போக வாய்த்தால், கஸ்ர் அல்ஃபரீதின் அடிப்பகுதியைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். தொட வேண்டாம், அது தேயக்கூடிய மணற்கல்.